பாசிர் ரிஸ்ஸில் எடுத்த சந்திரன்

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
3 ஜூன் 1911

மதிப்புக்குரிய ஐயா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் நேற்று வரை உங்கள் பெயர் தெரியாது. பத்திரிகையில் 'கடலோன்' என்று போடுகிறார்களே, அந்த ஒன்றுதான் தெரியும். மூன்று வாரம் ஆசிரியர் வீட்டு வாசலில் நின்று முகவரியை வாங்கினேன். "அவர் பேரு வேலாயுதம். குவாரண்டைன் தீவுல டிரஸ்ஸரா இருக்கார். யாரையும் பார்க்கறதில்லை பாய். லெட்டர் போட்டுப் பாருங்க, பதில் வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

நான் நாகூர் கனி. மாட்டுக்கொட்டகைகளுக்கு அடுத்த திடலில் பயாஸ்கோப் கூடாரம் வைத்திருக்கிறேன். படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவனும் நானே. வருகிற படங்களில் வெள்ளைக்காரர் ரயிலில் ஏறுகிறார், வெள்ளைக்காரர் குதிரையிலிருந்து விழுகிறார். நம் ஆட்கள் சிரித்துவிட்டு, "நம்மாளு ஒருத்தன்கூட இதுல வரமாட்டானா பாய்?" என்று கேட்டுக்கொண்டே வெளியே போகிறார்கள். போன மாதம் ஊருக்குத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர் தம்முடைய படம் பிடிக்கும் பெட்டியை என்னிடம் விற்றுவிட்டுப் போனார். பெட்டி இருக்கிறது, எடுக்கக் கதை வேண்டும்.

உங்கள் 'எட்டாத விளக்கு' கதையைக் கூடாரத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். இரும்பு உருண்டையில் ஏறிச் சந்திரனுக்குப் போன அருணகிரி, உருண்டை உடைந்து திரும்ப வழியில்லாமல், மனைவிக்குத் தெரியட்டும் என்று மக்னீசியப் பொடியைக் கொளுத்திக் கொளுத்திக் காட்டுகிறானே, அந்த இடம் வந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த சலவைக்காரர்கள் பீடி இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதைப் படமாக எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். அதன் பிறகு உங்கள் மற்றக் கதைகளையும் எடுக்க ஆசை. சம்மதமா?

நாகூர் கனி

*

குவாரண்டைன் தீவு
19 ஜூன் 1911

நாகூர் கனி சாகிபு அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கிருந்து தபால் படகு வாரத்துக்கு இரண்டு தடவைதான் போகிறது. அதனால் தாமதம்.

நான் எழுதுவது வேலை முடிந்த நேரத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியாததால். காலராவோ அம்மையோ கண்ட கப்பல்களின் பயணிகளை இங்கே இறக்கி நாள் கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அவர்களுக்கு ஊசி, மருந்து, கட்டு எல்லாம் என் வேலை. அவர்கள் போனதும் தீவு காலியாகிவிடும். அப்போது எழுதுவேன். அதைப் படமாக எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சந்திரனை எங்கே போய் எடுப்பீர்கள்?

எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. முடிவை மாற்றக் கூடாது. அருணகிரி விளக்குக் காட்டுகிறான். பூமியிலிருந்து பதில் வருவதில்லை. மனைவி பார்த்தாளா இல்லையா என்பது அவனுக்குத் தெரிவதே இல்லை. கதை அங்கேதான் முடிகிறது. அதை விட்டால் அந்தக் கதையில் வேறொன்றும் இல்லை.

இதற்குச் சம்மதம் என்றால் எனக்கும் சம்மதம்.

வேலாயுதம்

*

சிராங்கூன் சாலை
2 செப்டம்பர் 1911

வேலாயுதம் அண்ணனுக்கு,

அண்ணன் என்று கூப்பிடலாம் அல்லவா? வயது கேட்காமலே கூப்பிட்டுவிட்டேன்.

சந்திரன் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறது. இரண்டு மாட்டு வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வழியில் ஒரு ராத்தங்கல் போட்டுப் போனோம். வெள்ளை மணல், உச்சி வெயில். கடலைக் கறுப்புப் படுதாவால் மறைத்துவிட்டால் பூமி என்று ஒருவனும் சொல்ல மாட்டான். இரும்பு உருண்டைக்குச் சலவைக்காரர்களிடம் துணி அவிக்கிற பெரிய வெள்ளாவி அண்டா ஒன்றை இரவல் வாங்கினேன். அருணகிரியாக நடிப்பவர் அப்துல் கஃபார். கம்போங் கிளாமில் தையல்காரர். மெலிந்த ஆள், கண் பெரிது. அண்டாவுக்குள் அவரை உட்கார வைத்து உருட்டினோம். பாசிர் ரிஸ் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவருக்கு என்ன நோய்?" என்று அக்கறையாகக் கேட்டார். "சந்திரனுக்குப் போறார்" என்றேன். "இந்த வெயிலிலா?" என்று கேட்டுவிட்டு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மக்னீசியம் கொளுத்தியதில் கஃபாரின் ஒரு புருவம் போய்விட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பாய், நெசமாவே அது அவளுக்குத் தெரியுமா?" என்றார். "பெட்டியைப் பார்த்து அழாதீங்க, வானத்தைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுபவர் அப்துல் கையூம். பேசவே மாட்டார், ஆனால் அவர் சுற்றினால் கடிகாரம் தோற்றுப்போகும். நவம்பரில் படம் ஓட்டப் போகிறோம். நீங்கள் வந்தாக வேண்டும். ஜான்ஸ்டன் படித்துறைக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.

கனி

*

குவாரண்டைன் தீவு
10 செப்டம்பர் 1911

கனி அவர்களுக்கு,

அண்ணன் என்று கூப்பிடுங்கள். எனக்கு முப்பத்தெட்டு.

வர முடியாது. நான் இந்தத் தீவுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட விடுப்பு கேட்டதில்லை. இப்போது கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

இங்கே மேட்டிலிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் தெரியும். கப்பல்கள், கோபுரங்கள், சாயங்காலமானால் கரையோர விளக்குகள். உங்கள் கூடாரம் எந்தப் பக்கம் என்று யோசித்துப் பார்த்தேன்.

கஃபாரின் புருவத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும்.

இவ்வளவு எழுதிய நீங்கள் முடிவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

வேலாயுதம்

*

சிராங்கூன் சாலை
20 நவம்பர் 1911

வேலாயுதம் அண்ணனுக்கு,

படம் ஓடியது. கூடாரம் கொள்ளவில்லை. வெளியே நின்றவர்கள் படுதாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

இனி வரும் வரிகளை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முடிவை மாற்றிவிட்டேன், அண்ணே.

உங்கள் முடிவைத்தான் முதலில் எடுத்தேன். சத்தியம். ஒரு நாள் சலவைக்காரர்களையும் மாட்டுக்காரர்களையும் மட்டும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முத்துசாமி என்று ஒரு பால்காரர், பெரிய உருவம், மாட்டைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற ஆள். "அவ்வளவுதானா பாய்?" என்றார். அவ்வளவுதான் என்றேன். "என் பொண்டாட்டி ஊர்ல இருக்கா. பதினோரு மாசமா ஒரு கடுதாசி இல்ல" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

சுற்றிப் பார்த்தேன். அந்தக் கூடாரத்தில் ஒருவனுக்கும் மனைவி இந்த ஊரில் இல்லை. அத்தனை பேரையும் அப்படியே வெளியே அனுப்ப என்னால் ஆகவில்லை. மறுவாரம் பூமியை அட்டையில் வரைந்து, நடுவில் துளை போட்டு, பின்னால் விளக்கு வைத்து எடுத்தேன். அருணகிரி கடைசிப் பொடியைக் கொளுத்துகிறான். பூமியில் ஒரு வெளிச்சம் மூன்று தடவை மின்னுகிறது. அவ்வளவுதான் மாற்றியது.

அந்த இடத்தில் ஜனங்கள் போட்ட சத்தம் உங்கள் தீவுக்கே கேட்டிருக்கும்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

கனி

*

குவாரண்டைன் தீவு
1 டிசம்பர் 1911

நாகூர் கனி சாகிபு அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். இதுவே கடைசி.

1905இல் நான் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என் மனைவி மங்களத்தைக் கப்பலில் வரச் சொல்லி எழுதினேன். கப்பலில் காலரா. எல்லோரையும் இந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். பார்க்க அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. தினமும் படித்துறைக்குப் போய் விசாரிப்பேன். "எல்லாரும் சௌக்கியம்" என்பார்கள். ஒரு சம்பான் படகுக்காரனைப் பிடித்து, சாயங்காலங்களில் தீவுக்கு எவ்வளவு கிட்டே விடுவார்களோ அவ்வளவு கிட்டே போய், கையில் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஐந்து நாள் போனேன். ஆறாவது நாள் ஒரு குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, அவள் மூன்று நாளைக்கு முன்பே இறந்துவிட்டாள் என்றார். அப்படியென்றால் மூன்று சாயங்காலம் நான் யாருக்கு விளக்குக் காட்டினேன்? அதற்கு முந்தைய இரண்டு நாள் அவள் எழுந்து வந்து பார்த்தாளா? கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கப்பலின் ஆட்கள் அதற்குள் கலைந்து போய்விட்டார்கள். சொல்ல ஒருவரும் இல்லை.

இப்போது தெரிகிறதா, எதற்கு விளக்கு வைத்தீர்கள் என்று? பதில் வந்தது என்று அட்டையில் துளை போட்டுச் சொல்ல நீங்கள் யார்?

என் மற்றக் கதைகள் எதையும் தொட வேண்டாம்.

வே.

*

சிராங்கூன் சாலை
4 ஏப்ரல் 1912

வேலாயுதம் அண்ணனுக்கு,

டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று எழுதினேன். பதில் இல்லை. நியாயம்தான்.

உங்கள் கடிதம் வந்த அன்றே கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசி ஏழு முழச் சுருளை வெட்டினால் உங்கள் முடிவு திரும்பிவிடும். கையூம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெட்ட முடியவில்லை. உங்களுக்குச் செய்த துரோகம் எனக்குத் தெரிகிறது. முத்துசாமியின் முகமும் தெரிகிறது. கத்திரியை வைத்துவிட்டேன். இதுதான் உண்மை, வேறு மாதிரி எழுதினால் பொய்.

நாளை நானும் கையூமும் நாகப்பட்டினம் கப்பல் ஏறுகிறோம். நாகூர்க் கந்தூரியில் படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, சென்னப்பட்டணத்தில் இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று எண்ணம். மூலச்சுருளையும் அதற்காகவே படச்சுருளோடு ஒரே பெட்டியில் எடுத்துப் போகிறேன். கப்பல் உங்கள் தீவைக் கடந்துதான் போகும். மேல்தளத்தில் நிற்பேன்.

கனி

*

குவாரண்டைன் தீவு
9 ஜூலை 1912

கனி பாய்,

இந்தக் கடிதத்தை வார்டு ஆள் உங்கள் கையில் தருவார். மெதுவாகப் படியுங்கள். கண்ணுக்குச் சிரமம் தராதீர்கள்.

ஜூன் 17ஆம் தேதி உங்கள் கப்பல் மஞ்சள் கொடியோடு வந்தது. பெரியம்மை. தூளிக்கட்டிலில் இறக்கிய ஒன்பது பேரில் நீங்கள் ஒருவர். பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் இமைகள் ஒட்டிக் கிடந்தன. பத்து நாள் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்து, துடைத்து, களிம்பு போட்டவன் நான். நீங்கள் கதை சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். "இதோ பாருங்க, உருண்டை கிளம்புது" என்பீர்கள். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்குச் சொல்லிடாதீங்க" என்றீர்கள். நான் சொல்லமாட்டேன் என்றேன்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். உங்கள் படம் இல்லை. இரண்டு சுருளும் எரிந்துவிட்டன. எரித்தவன் நான்.

நோயாளியின் சாமான் எல்லாம் நீராவி அறைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நெருப்புக்குப் போக வேண்டும். நீராவியில் வைத்தால் படச்சுருள் அறையையே கொளுத்திவிடும் என்று டாக்டர் துரை சொன்னார். கார்பாலிக் மருந்தில் துடைத்துத் தருகிறேன் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். உங்களைக் கேட்கலாம் என்றால் உங்களுக்கு நினைவில்லை. கடைசியில் ஒன்று கேட்டேன்: எரிக்கும் முன் ஒரு தடவை ஓட்டிவிடலாமா? முகாமில் இருந்த நானூறு பேரும் உங்களோடு ஒரே கப்பலில் வந்தவர்கள். எல்லோருக்கும் அம்மை குத்தியாகிவிட்டது. ஒரு வாரமாய் ஒருவரோடொருவர் சண்டை. அவர் யோசித்துவிட்டு, "ஒரு மாலை. விடிந்ததும் உலை" என்றார்.

அந்தி சாய்ந்ததும் இரண்டு கொட்டகைக்கு நடுவே படுக்கை விரிப்புகளைத் தைத்துக் கட்டினோம். கையூம் பட இயந்திரத்தின் விளக்கை ஏற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கதை சொல்ல ஆள் இல்லை. கையூம் சொன்னார்: "எனக்குச் சுத்தத்தான் தெரியும். கதை உங்களுது. நீங்களே சொல்லுங்க."

முடிவுக்கு முன்னால் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். நான் கையைத் தூக்கினால் சுற்றுவதை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் சொல்லியும் வைத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

எனக்கு உங்களைப் போல் பேச வராது. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உங்கள் சந்திரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியபோது அவ்வளவு வெளிச்சமாக நினைக்கவில்லை. கஃபார் வானத்தைப் பார்த்தார். கடைசிப் பொடியைக் கொட்டினார். என் கை பாதி எழுந்துவிட்டது.

முன்வரிசையில் பாக்கியலட்சுமி என்று ஒரு பெண். ரப்பர்த் தோட்டத்துக்குப் புருஷனோடு வந்தவள். அவன் வார்டில் உங்கள் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஐயா, அந்தப் பொம்பள பாத்தாளா? வெளக்கப் பாத்தாளா?"

நானூறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தாம்மா" என்றேன். "பாத்துட்டா."

கையை இறக்கிவிட்டேன். கையூம் சுற்றிக்கொண்டே இருந்தார். அட்டைப் பூமியில் மூன்று தடவை மின்னியது. ஜனங்கள் சத்தம் போட்டிருப்பார்கள். எனக்குக் கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஏழு வருஷமாக அந்த வார்த்தையை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. கடைசியில் அதை என் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது.

விடிந்ததும் இரண்டு சுருளையும் திறந்து வைத்துக் கொளுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் பாக்கியலட்சுமியின் புருஷன் இறந்துபோனான். நானே போய் அவளிடம் சொன்னேன். அன்றைக்கே, அந்த மணிக்கே சொன்னேன். சொல்லிவிட்டு நான் போகவில்லை. வெயில் இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் கண் திறந்த பிறகு நான் வார்டுப் பக்கம் வரவில்லை. வேலை இருந்தது என்று எழுதலாம். பயம்தான்.

வேலாயுதம்

*

சிராங்கூன் சாலை
16 ஆகஸ்ட் 1912

வேலாயுதம் அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றினீர்கள். அதை மறக்கமாட்டேன்.

ஆனால் என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாம். நினைவில்லை என்கிறீர்கள், கையூமும் அப்படித்தான் சொல்கிறார். இருந்தாலும் ஒரு தடவை காதருகே வந்து, "கனி, எரிக்கப் போறாங்க" என்று சொல்லியிருக்கலாம். சென்னப்பட்டணத்தில் ஆள் கிடைக்காமல் பிரதி எடுக்காமலே திரும்பியிருந்தேன். நான் எடுத்தது அந்த ஒரு படம். கஃபார் வந்து, "எங்க பாய் படம்?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

படகில் ஏறும்போது டிஸ்பென்சரி வாசலில் யாரோ நிற்கிறார் என்று கையூம் சொன்னார். நான் திரும்பவில்லை. வேண்டுமென்றுதான் திரும்பவில்லை.

முகம் முழுவதும் தழும்பு. திரைக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்பவனுக்கு முகம் எதற்கு என்று சிரித்துக்கொள்கிறேன். கூடாரத்தைக் கையூமிடம் விட்டிருக்கிறேன். எனக்குப் பேச வரவில்லை.

கனி

*

குவாரண்டைன் தீவு
23 செப்டம்பர் 1912

கனி பாய்,

வாசலில் நின்றது நான்தான்.

நீங்கள் எழுதியது சரி. காதருகே வந்து சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லாமல் விட்டவர்கள் மேல் ஏழு வருஷம் கோபமாக இருந்தவன், உங்கள் விஷயத்தில் அதையே செய்தேன். அன்று காலை இது எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது தீவில் கப்பல் இல்லை. காவல்காரர், சமையல்காரர், நான். பேச்சுச் சத்தமே கிடையாது. முன்னெல்லாம் இப்படிப்பட்ட நாட்களில் எழுதுவேன். இந்த முறை இரண்டு மாதமாக ஒரு வரி ஓடவில்லை. சாயங்காலம் மேட்டுக்குப் போய் மங்களத்தைப் புதைத்த பக்கம் நிற்பேன். அங்கே நிறையப் பேரைப் புதைத்திருக்கிறார்கள். எது அவள் இடம் என்று அடையாளம் இல்லை. நேற்று அங்கே நின்று, "நான் ஒரு தடவை டவுனுக்குப் போயிட்டு வரேன்" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் போகப்போகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

டாக்டர் துரையிடம் விடுப்பு கேட்டேன். "ஏழு வருஷமா? பதினைந்து நாள் எடுத்துக்கொள்" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அக்டோபர் 18, காலைப் படகு.

எனக்கு அங்கே தெரிந்தவர் யாரும் இல்லை. கஃபாரைப் பார்த்து, படத்தை எரித்தவன் நான் என்று நானே சொல்ல வேண்டும். கூடாரம் எந்தப் பக்கம் என்று எழுதினால் போதும். விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன். நீங்கள் என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

வேலாயுதம்

*

சிராங்கூன் சாலை
7 அக்டோபர் 1912

வேலாயுதம் அண்ணனுக்கு,

விசாரித்துக்கொண்டு வர வேண்டாம். ஏழு வருஷத்தில் ஊர் மாறிவிட்டது; டிராம் வண்டியில் ஏறி எங்காவது போய் இறங்கிவிடுவீர்கள். ஜான்ஸ்டன் படித்துறையில் காலையிலிருந்தே நிற்பேன்.

உங்கள் மேல் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. அந்தச் சாயங்காலத்தைக் கையூம் போன வாரம்தான் என்னிடம் முழுசாகச் சொன்னார். அந்த மனுஷன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் திரைக்குப் பின்னால் போய் நின்றபோது, படம் முடிந்த பிறகும் அவர் வெறும் வெளிச்சத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாராம். "அவர் வெளிய வர்ற வரைக்கும் இருட்டாக வேணாம்னு பட்டுது பாய்" என்றார்.

கஃபாரிடம் நானே சொல்லிவிட்டேன். சற்று நேரம் தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அவர் வரட்டும்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியவில்லை.

பதினைந்து நாளும் என் அறையில் தங்குங்கள். கட்டில் ஒன்றுதான். நான் கூடாரத்தில் படுத்துக்கொள்வேன்.

ஒரே ஒரு விஷயம். நான் உங்களைப் பார்த்ததே இல்லை. படகிலிருந்து இறங்குகிற கூட்டத்தில் எது நீங்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். இந்தத் தழும்பு முகம் உங்களுக்குப் பழகிய முகம். அதனால் நான் தேட மாட்டேன். நின்ற இடத்திலேயே நிற்பேன். நீங்கள்தான் கூப்பிட வேண்டும். தயங்காமல் சத்தமாகக் கூப்பிடுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை.

கனி